மஞ்சள் மினுக்கினால்

மூன்று நாள் விடாமல், சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்னதை எழுதிக்கொண்டு போகிற ஆளை நான் நம்புவதில்லை. என்னிடம் படிக்க வருகிறவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள். கொட்டாவி விடுவார்கள். "பதிலை மட்டும் சொல்லுங்க, அர்த்தம் எதுக்கு" என்பார்கள். பாதியில் எழுந்து சிகரெட் வாங்கப் போனால் அடுத்த வாரம்தான் திரும்பி வருவார்கள். அவர்களை நான் திட்டுவேன், அவர்கள் சிரிப்பார்கள், தொழில் நடக்கும்.

மலையை ஒட்டிய எல்லை ஊரான முதாரேயில், லைசன்ஸ் ஆபீஸ் வாசலுக்கு எதிரே ஜக்கராந்தா மரத்தடியில் என் பலகை இருக்கிறது. நாற்சந்தி, முச்சந்தி, ரவுண்டானா, ஜீப்ரா கோடு எல்லாம் நானே பெயின்ட் அடித்தது. கார்கள் சோடா மூடியில் செய்தவை, மொத்தம் ஏழு. எழுத்துப் பரீட்சை முழுக்க இங்கிலீஷில் இருக்கும். பத்து வருஷம் டிராக்டர் ஓட்டியவனும் அந்தத் தாளைப் பார்த்ததும் வியர்த்துப் போவான். பெடெஸ்ட்ரியன் என்பது ஏதோ தோல் வியாதி என்று நினைத்திருந்த ஒருவனை எனக்குத் தெரியும். அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக உடைத்து எங்கள் ஷோனா மொழியில் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

இதற்கு என்னிடம் அனுமதிச் சீட்டு கிடையாது. யாரிடமும் கிடையாது. போன மாதம் பக்கத்து மரத்தடியில் இருந்த இரண்டு பலகைகளையும் ஆபீஸ் லாரி ஒன்று வந்து அள்ளிக்கொண்டு போனது. அதற்கு முன்னால் ஓர் ஆள் அங்கே மாணவன் மாதிரி உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுப் போயிருந்தான். சரியாக மூன்று நாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பலகை போனால் என் மிச்சம் இந்த வாய் மட்டும்தான். அதை வைத்துச் சண்டை போடலாம், சட்ஸாக் களி கிண்ட முடியாது.

அப்போதுதான், ஒரு திங்கட்கிழமை காலை, முயாம்போ வந்து சேர்ந்தார்.

ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். காலர் நைந்துபோன சட்டை, ஆனால் இஸ்திரி போட்டது. ஷூ பளபளவென்று இருந்தது. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, எங்கள் ஆண்கள் வணக்கம் சொல்கிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து மெல்லத் தட்டினார்.

"நல்லா எந்திரிச்சீங்களா டீச்சரம்மா?"

"நீங்க நல்லா எந்திரிச்சிருந்தா நானும் நல்லாத்தான் எந்திரிச்சேன். லைசன்ஸுக்கா?"

"இல்லைங்க. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

"பின்ன?"

"ரோடு தாண்டறதுக்கு."

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ட்ரைமோர் சிரித்துவிட்டான். லைசன்ஸுக்கு போட்டோ எடுத்துக் கொடுக்கிறவன் அவன். அடுத்தவர் பேச்சு காதில் விழாமல் அவனுக்கு ஒரு வேலையும் ஓடாது.

"ரோடு தாண்டறதுக்கு டியூஷனா? ஆடு மாடெல்லாம் யாருகிட்ட படிச்சிச்சு?"

முயாம்போ அவனோடு சேர்ந்து சிரித்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கேலி செய்தால் முகம் சுண்ட வேண்டாமா?

மஸ்விங்கோ சாலையில் நாற்பதாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் முருவிரா என்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். இரண்டு மாசம் முன்னால் அங்கே ரோட்டில் வெள்ளைக் கோடு போட்டு, இங்கிலீஷ் போர்டுகள் நட்டு, பகல் முழுக்க மினுக்குகிற ஒரு மஞ்சள் விளக்கையும் வைத்துவிட்டுப் போனார்களாம். பிள்ளைகளை அக்கரை சேர்க்க ஒரு காவல் ஆள் வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்ததாம்.

"பெரிய டீச்சர் ஒண்ணுதான் சொன்னாங்க. அங்க நிக்கறவனுக்கு அந்தப் போர்டுல இருக்கற ஒவ்வொரு வார்த்தையும் தெரியணும்னு. நான் கை தூக்கிட்டேன். எம் பொண்ணு அங்க ரெண்டாங் கிளாஸ் படிக்கிறா. போன வருஷம் அவளோட ஒரே பெஞ்சில உக்காந்திருந்த பிள்ளைய அந்த ரோட்டுலதான் லாரி அடிச்சிடுச்சு. ஆனா எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாதுங்க. அதைப் பெரிய டீச்சர்கிட்ட சொல்ல வெக்கம்."

கதை நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. சம்பளம் வருமா வராதா என்று தெரியாத ஒரு வேலைக்காக நாற்பது கிலோமீட்டர் கொம்பி வேனில் நெரிசலில் இடிபட்டு எவன் வருவான்?

சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். அவர் ஒரு நோட்டை எடுத்தார். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது என்றவர், நான் போர்டுப் படத்தைக் காட்டியதும் அந்த எழுத்துகளைப் பார்த்து மளமளவென்று எழுதினார். சாய்ந்த எழுத்து, கோர்ட்டு குமாஸ்தா எழுத்து. பக்கத்தில் அர்த்தத்தையும் எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தபோது முழங்கையை வளைத்து மறைத்துக்கொண்டார்.

"எந்த ஊரு நீங்க?"

"சிப்பிங்கே பக்கம்."

பேச்சில் அந்தத் தென்பக்கத்து இழுப்பு இருந்தது. சரி, விட்டேன். பெடெஸ்ட்ரியன் என்றால் நடந்து போகிறவன். கிவ் வே என்றால் வழி விடு. ரைட் ஆஃப் வே என்றால் முதலில் போகிற உரிமை.

"நடக்கறவனுக்கும் உரிமை இருக்கு, வண்டிக்காரனுக்கும் உரிமை இருக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அதை நினைச்சுக்கிட்டா ஆஸ்பத்திரிதான்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

ஜீப்ரா கிராஸிங் வந்ததும் தலையை நிமிர்த்தினார். "ஜீப்ரான்னா நம்ம வரிக்குதிரையா?"

"ஆமா."

"எங்க குலமே அதுதான். வரிக்குதிரை."

ட்ரைமோர் விடுவானா? "அப்ப நீங்க அந்தக் கோட்டு மேல கால வைக்கக் கூடாதே. பாட்டன் முதுகாச்சே. சுத்திக்கிட்டுத்தான் போகணும். இந்த டீச்சரக்காவும் அதே குலம். அதனாலதான் இவங்க எங்க வேணா ரோடு தாண்டுவாங்க, ஜீப்ரால மட்டும் தாண்ட மாட்டாங்க."

முயாம்போவின் முகம் மலர்ந்துவிட்டது. கையைத் தட்டினார், இந்த முறை பலமாக. "அப்ப நீ எனக்குத் தங்கச்சியில்லையா. மொதல்லயே சொல்லக் கூடாதா?"

எங்கள் வழக்கம் அப்படித்தான். ஒரே குலம் என்றால் ஒரே வயிறு. முன்பின் பார்த்திராத ஆளாக இருந்தாலும் அண்ணன் அண்ணன்தான், அவனிடம் பொய் சொல்லக் கூடாது, அவன் பசியோடு இருக்க நாம் சாப்பிடக் கூடாது. எனக்கும் ஒரு கணம் மனசு இளகியது உண்மை. உடனே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். என் குலம் இந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியாது? வாசல் காவலாளியிடம் கேட்டால் சொல்லிவிடுவான். ஆளை மடக்க வருகிறவன் முதலில் தேடி வைத்துக்கொள்வது உறவைத்தான்.

அன்று முதல் அவர் என்னைத் தங்கச்சி என்றே கூப்பிட்டார். நான் ஐயா என்றே நிறுத்திக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சந்தேகம் இன்னும் முற்றியது. பாடத்துக்கு நடுவே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, இங்க உக்கார யாராவது சீட்டு குடுக்கணுமா? ஆபீஸ்காரங்க வந்து பேப்பர் கேப்பாங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்."

சும்மா கேட்கிற கேள்வியா அது? கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ் வண்டி மெதுவாகப் போனது. முயாம்போ சட்டென்று மரத்தின் பக்கம் திரும்பிக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். அந்த ஷூவில் கயிறே கிடையாது. வண்டி போகிற வரைக்கும் இல்லாத கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஏதோ ஜாடை காட்டுகிறார் என்று முடிவு கட்டினேன்.

"சிமனிமனியில மழை எப்படி?" என்று வேண்டுமென்றே ஊரை மாற்றிக் கேட்டேன்.

"நல்ல மழை, தங்கச்சி. எங்க வீட்டுப் பின்னாலேயே ஓடை ஓடுது."

நேற்று சிப்பிங்கே, இன்று சிமனிமனி. அவர் போன பிறகு ட்ரைமோரிடம் சொன்னேன்.

"இந்த ஆளு பொய் சொல்றாரு."

"உனக்கு யாருதான் அக்கா பொய் சொல்லல? போன வாரம் அந்தப் பாதிரியாரையே உளவாளின்ன."

"பாதிரியாருக்கு எதுக்குடா லாரி லைசன்ஸு?"

"நீ பாவ மன்னிப்பு கேக்கப் போனாக்கூட அவரு பேரு, விலாசம் கேட்டுட்டுத்தான் ஆரம்பிப்ப."

புதன்கிழமைக்குள் எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும். வியாழக்கிழமை லாரி வரும் என்று என் கணக்கு. ஆபீஸ் ஆட்களை எனக்குத் தெரியும். விதியைத் தப்பாகச் சொல்வதைக் கேட்டால் அவர்களுக்குக் காது கூசும், திருத்தாமல் இருக்க முடியாது. ஒரு பெரிய தப்பைச் சொல்லிவிட்டு அவர் கண்ணைப் பார்க்க வேண்டியதுதான். எதைத் தப்பாகச் சொல்வது என்று புதன்கிழமை நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே எடுத்துக் கொடுத்தார்.

"அந்த மஞ்ச விளக்க நீ இன்னும் சொல்லலையே தங்கச்சி. விட்டு விட்டு மினுக்குதே."

என் விதிப்புத்தகத்தைத் திறந்தேன். ஆறாம் பக்கம். ஃபிளாஷிங் ஆம்பர், ப்ரொசீட் வித் காஷன். மஞ்சள் மினுக்கினால் வண்டிக்காரன் நிற்க வேண்டியதில்லை, கவனமாகப் பார்த்துப் போனால் போதும். பரீட்சைக்கு வருகிற எந்த மண்டூகத்துக்கும் தெரிந்த வரி. அதன் மேல் விரலை வைத்தேன்.

"இதுக்கு அர்த்தம், மஞ்சள் மினுக்கினா எல்லா வண்டியும் நின்னே ஆகணும். நடக்கறவங்க தாராளமாப் போகலாம்."

ட்ரைமோர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினான். நான் அவன் காலை மிதித்தேன்.

"எல்லா வண்டியுமா?" என்றார் முயாம்போ. "மர லாரியுமா?"

"மர லாரியும்."

"நிக்கலன்னா?"

"ஜெயிலு."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். இதோ திருத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து அந்த இங்கிலீஷ் வரியை அப்படியே பார்த்து எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

"இதுக்காகத்தான் வந்தேன் தங்கச்சி. அந்த விளக்கு வண்டிக்குச் சொல்லுதா, எங்களுக்குச் சொல்லுதான்னு எங்க ஊருல ஒருத்தருக்கும் தெரியல. பெரிய டீச்சருக்கே தெரியல, அவங்ககிட்ட காரு இல்ல. இனிமே பயமில்ல."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் ஐயா, அர்த்தம் இது இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் புத்தி வேறு பக்கம் ஓடியது. இவர் பெரிய கைகாரர், திருத்தவே மாட்டார், தப்பாகச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று எழுதியே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார், சாட்சியை நானே கையில் கொடுத்துவிட்டேன் என்று உள்ளே படபடத்தது. அவர் ட்ரைமோரிடம் பள்ளிக்கூட அட்டைக்கு என்று இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். அச்சுப் போட கரண்ட் இல்லாததால் பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் பலகை மேல் வைத்துவிட்டுப் போனார்.

"அக்கா," என்றான் ட்ரைமோர், "மஞ்சள்னா பாத்துப் போன்னுதானே?"

"எனக்குத் தெரியும். நீ உன் கேமராவப் பாரு."

வாழைப்பழத்தை நான் தொடவில்லை. அவன்தான் தின்றான்.

வியாழக்கிழமை பலகையைத் தேநீர்க் கடைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, வெறும் தரையில் உட்கார்ந்திருந்தேன். லாரி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனி, ஞாயிறு வீட்டில் என் மகன் ஷிங்கி எது கேட்டாலும் எரிந்து விழுந்தேன். திங்கட்கிழமை காலை ட்ரைமோர் ஒரு சின்னக் கவரை நீட்டினான்.

"உன் உளவாளி போட்டோவ வாங்க வரவே இல்ல. மேல என்ன எழுதச் சொன்னாரு தெரியுமா? முருவிரா பள்ளி, சாலைக் காவலர்னு."

"வேஷம் போடறவன் அப்படித்தான் எழுதச் சொல்லுவான்."

"நெசமா இருந்தா?"

அவன் சிரிக்காமல் கேட்டது இதுதான் முதல் தடவை.

கவரை வாங்கிக்கொண்டு கொம்பி நிறுத்தத்துக்கு நடந்தேன். நல்ல மனசோடு போனேன் என்று சொன்னால் அது பொய். அந்த இடத்தில் பள்ளிக்கூடமும் இருக்காது, விளக்கும் இருக்காது, அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து ட்ரைமோர் முகத்தில் கவரை விட்டெறிய வேண்டும் என்றுதான் கிளம்பினேன். டிரைவர் பக்கத்து சீட்டில் இடம் கிடைத்தது.

"தம்பி, முருவிரான்னு ஒரு பள்ளிக்கூடம் வழியில இருக்கா?"

"இருக்கே. நாப்பதாவது கல்லு. அங்க ஒரு மஞ்ச விளக்கு நாள் பூரா கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும்."

"அதைப் பாத்தா நீ நிப்பியா?"

"அதுக்கெல்லாம் எவன் நிப்பான்? பாத்துப் போன்னுதானே சொல்லுது. அந்த இறக்கத்துல நின்னா பின்னால வர்ற மர லாரி நம்மளத் தூக்கிட்டுப் போயிடும்." கியரை மாற்றினான். "வெள்ளிக்கிழமை ஒரு கிறுக்கன், வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு, வண்டி வருதா இல்லையான்னு கூடப் பாக்காம விளக்கப் பாத்துக்கிட்டே இறங்கறான். பின்னாலயே பத்துப் பன்னெண்டு பிள்ளைங்க. நான் மிதிச்ச மிதியில பின் சீட்டுப் பெரியவரு எம் மடியில வந்து விழுந்தாரு."

"கிறுக்கன் இல்ல தம்பி."

"தெரிஞ்சவரா?"

"எங்க அண்ணன்," என்றேன். வாயில் அதுதான் வந்தது.

மணி பன்னிரண்டு இருபது. பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டேன். பன்னிரண்டரை என்றான். வேகமாகப் போகச் சொன்னேன். ஒருநாளும் எந்த டிரைவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. ஓட்டுகிற எவனையும் நம்பாதவள், அன்று சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று அவன் உயிரை எடுத்தேன். இத்தனை நாளாக ராத்திரி பகல் எதற்குப் பயந்தேன்? ஒரு ஒட்டுப்பலகைக்கு. அதற்காக நான் அந்தப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கொம்பி என்னை இந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போனது. எதிரே ஜீப்ரா கோடுகளுக்கு முன்னால் முயாம்போ நின்றிருந்தார். முழங்கால் வரை தொங்குகிற வெள்ளைக் கோட்டு, கையில் சிவப்புத் துணி கட்டிய கழி. பின்னால் பிள்ளைகள் இரண்டு இரண்டாகக் கைகோத்து வரிசையாக நின்றன. எல்லாம் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தன.

"மஞ்சள் மினுக்கினா வண்டி நிக்கும். மஞ்சள் மினுக்கினா வண்டி நிக்கும்."

என் வாக்கியம். நான் சொல்லிக் கொடுத்தது.

இறக்கத்தின் மேலே வளைவில் மர லாரி திரும்புவது தெரிந்தது. பைன் மரங்களை அடுக்கி வைத்த நீள லாரி. அந்த எடையோடு இறங்குகிற வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. முயாம்போ அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். அது மினுக்கியது. காலைத் தூக்கி ஜீப்ரா கோட்டின் மேல் வைத்தார்.

"அண்ணே," என்று கத்தினேன். "அண்ணே, நில்லுங்க."

நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. என்னைப் பார்த்துவிட்டார். தங்கச்சி ஊரிலிருந்து வந்திருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. தங்கையைப் பார்த்த பிறகு வணக்கம் சொல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க எங்கள் ஆண்களுக்கு வராது. வைத்த காலைப் பின்னால் இழுத்து, கழியைக் கக்கத்தில் இடுக்கி, முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். அவர் தட்டியதும் பின்னால் இருந்த பிள்ளைகளும் நின்று, கோத்த கையை விட்டுவிட்டு எனக்காகத் தட்டின.

லாரி அவர்களுக்கு முன்னால் கடந்து போனது. ஹாரன் காதைக் கிழித்தது. கக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கழியை அது பிடுங்கிப் போய் எங்கோ வீசியது. கழி முறிகிற சத்தம் கேட்டது. தூசிக்கு நடுவே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. தூசி அடங்கிய பிறகு எண்ணினேன். பிள்ளைகள் இருபத்திரண்டு, எந்த ஜோடியிலும் ஆள் குறையவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை தட்டிய கையை இன்னும் பிரிக்காமல் நின்றிருந்தது.

நான் எப்படி ரோட்டைத் தாண்டினேன் என்று ஞாபகமில்லை. முயாம்போ மறைந்துபோன லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் நிக்கல தங்கச்சி," என்றார். "விளக்கு மினுக்கிச்சு, அவன் நிக்கல. நம்பர எழுதிக்கணும். ஜெயிலுன்னு சொன்னியே."

"அவன் மேல தப்பில்லண்ணே."

"மர லாரியும் நிக்கணும்னியே."

"நான் பொய் சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. நான் மறுபடியும் சொன்னேன். மஞ்சள் மினுக்கினால் அவர்கள் நிற்க வேண்டியதில்லை, பார்த்துப் போனால் போதும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, எனக்குத் தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன் என்று. அவரை ஆபீஸ் ஆள் என்று நினைத்ததையும், பலகை அள்ள வருகிற லாரியையும், மூன்று நாள் கணக்கையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாம் எவ்வளவு அற்பமாக இருந்தது. பிள்ளைகளை வேலிக்கு உள்ளே போய் உட்காரச் சொன்னார். அந்த முன் வரிசைக் குழந்தை மட்டும் போகாமல் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டது. அவர் மகள் அவள்தான்.

"நீங்க ஏன் ஊர மாத்தி மாத்திச் சொன்னீங்க?" என்று கேட்டேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்டேன்.

அவர் நோட்டை எடுத்துத் திறந்து காட்டினார். ஒரு பக்கம் நான் சொன்ன இங்கிலீஷ் வார்த்தைகள். மறுபக்கம் அவர் எழுதிய அர்த்தம். அது ஷோனாவும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

"போர்ச்சுகீசு. நான் மலைக்கு அந்தப் பக்கத்து ஆளு, மொசாம்பிக். அங்க மர மில்லுல கணக்கு எழுதினேன். இங்க கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்து பத்து வருஷமாச்சு, பேப்பரு இன்னும் சரியாகல. சொன்னா நீ சொல்லித் தர மாட்டியோன்னு பயந்தேன்."

அதற்காகத்தான் போலீஸைக் கண்டதும் இல்லாத ஷூ கயிற்றைக் கட்டியது. அதற்காகத்தான் சீட்டைப் பற்றிய கேள்வி. என்னைப் போலவே அவரும் ஆபீஸ் ஆட்களுக்குப் பயந்துகொண்டு அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அவர் பேனாவை எடுத்து, இரண்டு கோடு போட்ட அந்த வரியை அடித்தார். பிறகு முதல் பக்கத்துக்குப் போனார்.

"பெடெஸ்ட்ரியன். நடக்கறவன்னு சொன்ன."

"ஆமாண்ணே. அது சரிதான்."

என் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். புதன்கிழமை நான் அவர் கண்ணைப் பார்த்த மாதிரி.

"கிவ் வே."

"வழி விடு."

"இதுவும் நெசமா?"

"நெசம்தாண்ணே. அந்த ஒண்ணுதான் பொய். மத்ததெல்லாம் சரியாத்தான் சொன்னேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குத் திருப்பிப் பேசத் தெரியும். நாற்பத்தாறு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் சத்தியம் செய்யாத குறையாகப் பதில் சொன்னேன். ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கம் முடிந்ததும் நோட்டை மூடினார்.

"பெரிய டீச்சர்கிட்ட ஒரு தடவ காட்டிக் கேட்டுக்கறேன்," என்றார். "விளக்கு விஷயத்தையும் நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்."

போட்டோக் கவரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். எனக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வரிக்குதிரைக் குலம்னு சொன்னீங்களே. அதாவது நெசமா?"

"அதுல யாராவது பொய் சொல்லுவாங்களா?" என்றார்.

ஊருக்குத் திரும்புகிற கொம்பியும் எதிர்ப்பக்கத்து மண் திடலுக்கு வந்துதான் ஆளை ஏற்றும். பிள்ளைகளும் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் முறிந்த கழியில் மிச்சமிருந்த துண்டைத் தேடி எடுத்து வந்தார். எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தார், என்னைக் கடைசியில் நிற்கச் சொன்னார். விளக்கு மேலே மினுக்கிக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், திரும்ப வலப்பக்கம் பார்த்தார். ஒரு டிராக்டர் மெதுவாக வந்தது. அது முழுசாக நிற்கும்வரை காத்திருந்து, ஓட்டுகிறவன் தலையாட்டிய பிறகுதான் கழியை நீட்டிப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார். யாரும் பாட்டுப் பாடவில்லை.

அக்கரையில் கொம்பி வந்து நின்றது. நான் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டார். வழக்கப்படி கையைத் தட்டினார், மெதுவாக, முதல் நாள் தட்டிய அளவுக்கு.

"பாத்துப் போயிட்டு வாங்க, டீச்சரம்மா," என்றார்.